கன்னங்கராவின் இலவசக் கல்வி: உண்மையில் திறக்கப்பட்டது எந்தக் கதவு?

நூலகவாசி:

இலவசக் கல்வியின் தந்தை என்று சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவைப் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் அறிமுகப்படுத்திவிட்டுக் கடந்து போய்விடுகின்றன. அந்த வரியைப் படிக்கும் மாணவர், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த 1945க்கு முன்னர் இலங்கையில் எல்லாப் பாடசாலைகளும் கட்டணம் வாங்கின என்றும், ஒரு நல்ல மனிதர் வந்து அதை நிறுத்தினார் என்றும் எண்ணிக்கொள்வார். நடந்தது அதுவன்று. சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயமொழிப் பாடசாலைகளில் அதற்கு முன்பே கட்டணம் இருக்கவில்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலப் பாடசாலைகளில். அரசாங்க எழுதுவினைஞர் வேலையிலிருந்து சட்டம், மருத்துவம் வரை உத்தியோகம் என்று சொல்லத்தக்க எதற்கும் வழி ஆங்கிலப் பாடசாலையினூடாகவே போனது. ஆகவே கன்னங்கரா செய்தது கட்டணத்தை நீக்கியது என்பதைவிட, வசதி உள்ளவர்களுக்கு ஒரு பாடசாலை, இல்லாதவர்களுக்கு வேறொரு பாடசாலை என்றிருந்த இரட்டை ஏற்பாட்டின் மீது கை வைத்தது என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து. அவருக்கு எழுந்த எதிர்ப்பின் அளவையும் இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகத் தருகிறேன். 1884இல் அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரன்தொம்பையில் பிறந்தவர். புலமைப்பரிசில் கிடைத்ததால் காலி ரிச்மண்ட் கல்லூரிக்குப் போனவர். சில காலம் கணித ஆசிரியராக இருந்துவிட்டுச் சட்டம் படித்து, 1910இல் காலியில் வழக்கறிஞரானவர். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் கைதானவர்களுக்காகக் கட்டணமின்றி வழக்காடியதால் தென் மாகாணத்தில் பெயர் பெற்றார். 1923இல் சட்டவாக்கக் கழகத்துக்கும், 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அமைந்த அரசுக் கழகத்துக்கும் (அன்றைய சட்டமன்றம்) தெரிவாகி, அன்றிலிருந்து 1947 வரை பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராக இருந்தார்.

வேலணையூரான்:

ஐயா, இரட்டை ஏற்பாடு பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் யாழ்ப்பாணத்துக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அமெரிக்க மிஷன், மெதடிஸ்த மிஷன், ஆங்கிலிக்கத் திருச்சபை மிஷன் ஆகிய மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குடாநாட்டில் ஆங்கிலப் பாடசாலைகளை நெருக்கமாக நிறுவிவிட்டன. அதற்கு எதிர்வினையாகச் சைவர்கள் தமக்கென்று கல்லூரிகளைக் கட்டினார்கள். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் (இந்து போர்ட் என்பதும் இதுவே), இந்து போர்ட் இராசரத்தினம் அவர்களின் முயற்சியால், கிராமம் கிராமமாகப் பாடசாலை திறந்தது. ஆகவே காலிக்கு உள்ளேயுள்ள ஒரு கிராமத்தில் ஆங்கிலப் பாடசாலை எட்டாத தொலைவில் இருந்தது போல எங்கள் ஊர்களில் இருக்கவில்லை. காணியை ஈடு வைத்தாவது பிள்ளையைப் படிப்பித்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அத்தகைய சமூகத்துக்கு இலவசக் கல்வி பெரும் புரட்சியாகத் தோன்றியிருக்குமா?

நூலகவாசி:

தம்பி, ஈடு வைக்கக் காணி இருந்தவர்களைப் பற்றித்தானே சொல்கிறீர்கள்? காணியே இல்லாதவர்களின் கதை வேறு. சமய நிறுவனங்கள் நடத்தி, அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையில் இருத்தாமல் மற்றவர்களோடு சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது, குடாநாட்டில் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. பாடசாலைகள் நெருக்கமாக இருந்தமையால் எல்லோருக்கும் அவை திறந்திருந்தன என்று கொள்வதற்கில்லை.

அதேவேளை, கட்டணத்தை நீக்கியதால் மட்டும் சாதித் தடை நீங்கிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்தப் போராட்டம் தனியாக, நீண்ட காலம் நடந்தது. இலவசக் கல்வி செய்ததெல்லாம், உள்ளே வர முடியாது என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை இல்லாமற் செய்தது மட்டுமே. ஆனால் அந்த ஒன்று எளிதில் இல்லாமற் போகக்கூடிய காரணமாக இருக்கவில்லை.

கணக்கப்பிள்ளை:

நண்பர்கள் இருவரும் விளைவைப் பேசுகிறீர்கள். அதை அவர் எந்த அதிகாரத்தை வைத்துச் செய்தார் என்பதே எனக்கு அதிக வியப்பைத் தரும் பகுதி. அதை யாரும் விரிவாக எழுதுவதில்லை என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

டொனமூர் முறையில் இன்றுள்ளது போன்ற அமைச்சரவை இருக்கவில்லை. அரசுக் கழக உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்தது. அந்தத் தலைவரே அமைச்சர். அதாவது தன்னுடைய குழுவிலேயே பெரும்பான்மையைத் திரட்டாமல் கல்வி அமைச்சரால் எதையும் செய்ய இயலாது. குழுவைக் கடந்தால் அமைச்சர்கள் சபை. அங்கே பணத்தின் சாவி நிதிச் செயலாளரிடம் இருந்தது. அவர் தேர்தலில் தெரிவானவர் அல்லர், ஆளுநரின் கீழ் இருந்த மூன்று அரச அலுவலர்களில் ஒருவர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாடசாலை ஒழுங்குவிதிகள் மீதான செல்வாக்கைக் கல்விச் சபை என்ற அமைப்பிடம் கொடுத்திருந்தது. சமயப் பாடசாலைகளின் முகாமையாளர்கள் வலுவாக அமர்ந்திருந்த சபை அது. ஆகவே 1931இல் பதவியேற்ற கன்னங்கரா, பெயருக்கு அமைச்சராக இருந்தாரே தவிர, ஒரு விதியை மாற்றுவதற்கும் மற்றவர்களின் தயவை நாட வேண்டியிருந்தது.

இதை மாற்ற அவருக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விச் சட்டம் அந்தக் கல்விச் சபையை ஆலோசனை கூறும் அமைப்பாக்கி, அதிகாரத்தைத் தெரிவு செய்யப்பட்டவர்களின் பக்கம் கொண்டுவந்தது. 1945ஐக் கொண்டாடுகிறவர்கள் 1939ஐ மறந்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு தேர்வு தந்தால், அவருடைய வாழ்க்கையில் அதிகத் திறமை தேவைப்பட்ட ஆண்டு 1939 என்றுதான் சொல்வேன். மேடையில் பேசிக் கைதட்டல் வாங்க முடியாத வேலை அது.

அதன் பிறகுதான் 1940இல் கல்வி பற்றிய விசேட குழு அமைக்கப்பட்டது; அவரே அதற்குத் தலைவர். அறிக்கை 1943இல் வெளிவந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்ற பரிந்துரை அதில் இருந்தது. 1944 மே மாத இறுதியில் அரசுக் கழகத்தில் விவாதம் தொடங்கியது. 1945 ஒக்டோபர் 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பரிந்துரைக்கு உரிமை கோரத்தக்கவர் கன்னங்கரா ஒருவர்தானா என்ற கேள்வியும் உண்டு, குழுவிலிருந்த ஏ. ரத்னாயக்காவின் பங்கைச் சிலர் அழுத்திச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. யோசனை யாருடையதாக இருந்தாலும், அதைக் குழுவிலிருந்து சபைக்கும், சபையிலிருந்து கருவூலத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரே.

சிறு வினா:

அந்த 1944 உரையில்தான், செங்கல்லாலான உரோமைக் கண்டு அதைச் சலவைக்கல்லாக்கி விட்டுச் சென்றதாக அகஸ்டஸ் பெருமை கொண்ட செய்தியைச் சொன்னாரா? அதன் முழு வாசகத்தை யாரேனும் தமிழில் தர முடியுமா?

நூலகவாசி:

ஆம், அதே உரைதான். ஏறத்தாழ இப்படி வரும்: "கல்வி விலையுயர்ந்ததாக இருக்கக் கண்டோம், அதை மலிவாக்கி விட்டுச் சென்றோம், மூடி முத்திரையிட்ட நூலாக இருக்கக் கண்டோம், திறந்த மடலாக்கி விட்டுச் சென்றோம், செல்வரின் பரம்பரைச் சொத்தாக இருக்கக் கண்டோம், ஏழையின் உரிமைச் சொத்தாக்கி விட்டுச் சென்றோம் என்று சொல்ல முடியுமானால் இந்த அரசுக் கழகத்தின் பெருமை அதனினும் எவ்வளவு உயர்ந்ததாக இருக்கும்!"

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இந்த வாசக அமைப்பு அவருடைய சொந்த ஆக்கம் அன்று. 1828இல் பிரித்தானிய மக்கள் சபையில் ஹென்றி புரோகம் சட்டச் சீர்திருத்தம் பற்றி ஆற்றிய உரையின் முடிவுப் பகுதி இது. அங்கே சட்டம் என்று இருந்த இடத்தில் கன்னங்கரா கல்வியை வைத்தார். வழக்கறிஞர் அல்லவா, அந்த உரை அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆங்கிலேயரின் நாடாளுமன்றத்தில் ஒலித்த வாசகத்தை எடுத்து, ஆங்கிலம் கற்றவர்களின் தனியுரிமைக்கு எதிராகவே திருப்பிவிட்டது எனக்கு மிகவும் பிடித்த செயல்.

கொட்டகலை ஆசிரியை:

இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். "ஏழையின் உரிமைச் சொத்து" என்ற சொற்களைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த ஏழைகளில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் இருந்தார்களா?

1920ஆம் ஆண்டுச் சட்டமே தோட்டங்களில் பிள்ளைகளுக்குச் சுயமொழிக் கல்விக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியிருந்தது. நடைமுறையில் அது தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகே ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் ஒரே அறை என்ற அளவில் நின்றது. ஆசிரியருக்கு மேலே துரை, அதாவது தோட்ட முகாமையாளர். துரைக்குத் தேவைப்பட்டதோ கொழுந்து பறிக்கும் கைகள். இந்தப் பாடசாலைகளிலும் கட்டணம் இல்லை என்பதை நூலகவாசி ஐயாவின் முதற் பதிவோடு சேர்த்துப் பாருங்கள். கட்டணமில்லாமை எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. இல்லாதிருந்தது மேலே போவதற்கான வழி. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் ஒரு பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை இலவசம் என்று அறிவிப்பதால் என்ன பயன்? தோட்டப் பாடசாலைகள் தோட்டங்களிடமிருந்து அரசாங்கத்தின் கைக்கு முறையாக வந்தது தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களில்தான். நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு 1945 என்றால் எங்களுக்கு அதிலிருந்து ஒரு தலைமுறைக்கும் மேல் பின்தள்ளி எண்ண வேண்டும்.

அரசுக் கழகத்தில் எங்கள் பக்கத்துக் குரலே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1931இல் கன்னங்கராவோடு சேர்ந்து அமைச்சரானவர்களில் ஹட்டன் உறுப்பினர் பெரி. சுந்தரமும் ஒருவர், தொழில், கைத்தொழில், வர்த்தகம் அவரிடம் இருந்தன. 1936க்குப் பின்னர் ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் அங்கே இருந்தார். இவர்கள் இருந்த சபையில், பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராக இருந்த ஒருவரின் காலத்தில், தோட்டப் பாடசாலை துரையின் கையிலேயே இருந்தது.

கணக்கப்பிள்ளை:

அக்கா சொல்வதில் மறுப்பதற்கு ஏதும் இல்லை. ஒரேயொரு குறிப்பைச் சேர்க்க விரும்புகிறேன். தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியபோது கன்னங்கரா நாடாளுமன்றத்தில் இல்லை. முந்திய ஆண்டுத் தேர்தலிலேயே தோற்றுவிட்டார். தோட்டப் பகுதி மக்களின் வாக்கு பறிபோனதும், அவர்களின் கல்வியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அரசியல் தேவை கொழும்பில் யாருக்கும் இல்லாமற் போயிற்று. முப்பது ஆண்டுத் தாமதத்தின் பெரும் பகுதி அதன் விளைவு.

கொட்டகலை ஆசிரியை:

1948க்கு அவர் பொறுப்பில்லை என்பது சரி. 1931க்கும் 1947க்கும் இடைப்பட்ட காலத்துக்கு? 1936இல் அமைச்சர்கள் அனைவரும் சிங்களவர்களாக அமைந்த சபையில் அவரும் ஒருவராக இருந்தார் என்பதையும் இங்கே யாரும் குறிப்பிடவில்லை. அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. அம்பலாங்கொடைப் பையனின் தேவையைத் தன் அனுபவத்தால் அறிந்திருந்த ஒருவர், பொகவந்தலாவைத் தோட்டப் பிள்ளையின் தேவையை அதே கூர்மையோடு அறிந்திருக்கவில்லை என்பதே நான் சொல்ல வருவது. இதைச் சொன்னால் அவருடைய பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை.

வேலணையூரான்:

மத்திய மகா வித்தியாலயங்களைப் பற்றி யாரும் எழுதாததால் அதைத் தொடுகிறேன். நகரத்தின் ஆங்கிலக் கல்லூரியில் இருக்கும் ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் கிராமத்துக்கு வர வேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. மத்துகமையில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளாக விரிந்தது. (முதலாவது பாடசாலை அமைச்சரின் தொகுதியிலேயே அமைந்தது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.) ஐந்தாம் வகுப்பில் நடத்தப்பட்ட புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய கிராமப் பிள்ளைகளுக்கு அங்கே விடுதி வசதியோடு இடம் கிடைத்தது. தமிழ்ப் பகுதிகளில் எங்கள் வேலணையும் மட்டக்களப்பின் வந்தாறுமூலையும் இதனால் பயன் பெற்ற ஊர்கள். வந்தாறுமூலைப் பாடசாலையின் வளாகத்திலேதான் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தாங்கத்தக்க கட்டடங்கள் ஒரு கிராமத்தில் இருந்தமைக்கு 1940களின் அந்த முடிவே காரணம்.

முன்னர் நான் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுப்பிய ஐயத்துக்கும் இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. குடாநாட்டின் கல்லூரிகள் நகரத்தையும் வலிகாமத்தையும் வடமராட்சியையும் நன்றாகக் கவனித்தன. தீவுப்பகுதி அவ்வளவு கவனம் பெறவில்லை. எனினும் தென்னிலங்கையின் கிராமத்துக்குக் கிடைத்த ஆதாயத்தோடு ஒப்பிட்டால் வடக்குக்குக் கிடைத்தது சிறிது என்பதே இப்போதும் என் எண்ணம். முன்னே ஓடிக்கொண்டிருந்தவனுக்கும் பின்னே நின்றவனுக்கும் ஒரே நாளில் பாதை போட்டால், பின்னே நின்றவனுக்குத்தான் அதிக மாற்றம் தெரியும். அது நியாயமும்கூட.

சிறு வினா:

இவ்வளவு செய்தவர் 1947இல் எப்படித் தோற்றார்?

நூலகவாசி:

மத்துகமையில் அவரைத் தோற்கடித்தவர் வில்மட் பெரேரா. ஹொரணையில் சிறீபாலி கல்வி நிறுவனத்தைத் தொடங்கியவர். 1934இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் இரவீந்திரநாத் தாகூர். ஆகவே கல்விக்கு எதிரானவரிடம் அவர் தோற்கவில்லை. இன்னொரு கல்விக் கொடையாளரிடமே தோற்றார். ஆனாலும் தோல்வியின் பின்னணியில் அந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் சேர்த்துக்கொண்ட பகையும் இருந்தது. கட்டணம் வசூலித்த பாடசாலைகளின் முகாமைகள், குறிப்பாகக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆங்கிலிக்கத் திருச்சபையும், அரச கட்டுப்பாடு தம் சமயக் கல்வியை விழுங்கிவிடும் என்று அஞ்சின. அந்த அச்சத்தை வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960, 1961 ஆண்டுச் சட்டங்கள் வந்தபோது அந்த அச்சம் உண்மையாயிற்று. மறுபுறம் செல்வர்களிடையே, குசினியில் வேலை செய்ய ஆளும், மாட்டைக் கட்ட ஆளும் கிடைக்காமற் போகும் என்ற வெளிப்படையான முணுமுணுப்பும் இருந்தது. அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களிலேயே செலவை நினைத்துத் தயங்கியவர்கள் இருந்தனர்.

தோல்விக்குப் பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் இராஜதந்திரப் பிரதிநிதியாக இருந்தார். 1952இல் அகலவத்தையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது உள்ளூராட்சி அமைச்சு. கல்வி அமைச்சு அன்று. 1969 செப்டெம்பரில் காலமானார்.

கணக்கப்பிள்ளை:

1960, 1961 சட்டங்களைத் தொட்டதால் ஒரு குறிப்பு. கன்னங்கராவின் திட்டத்தில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குத் தெரிவு இருந்தது: நன்கொடையைப் பெற்றுக்கொண்டு கட்டணத்தைக் கைவிடலாம், அல்லது நன்கொடையைக் கைவிட்டுக் கட்டணம் வாங்கலாம். முகாமை முன்போலச் சமய நிறுவனத்திடமே இருக்கும். அந்த முகாமையையும் அரசு எடுத்துக்கொண்டது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில். அப்போது யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி போன்றவை கையளிக்க மறுத்து, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகள் என்ற விசித்திரமான நிலைக்கு வந்தன. அரசின் பணமும் இல்லை, பெற்றோரிடம் வாங்கவும் கூடாது. நலன்விரும்பிகளின் நன்கொடையை நம்பியே காலத்தை ஓட்டின. இந்த இரண்டு காலங்களையும் ஒன்றாகக் குழப்பி, பாடசாலைகளைப் பறித்தவர் கன்னங்கரா என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர் பறிக்கவில்லை, பணத்தையும் கட்டணத்தையும் ஒருசேர வைத்திருக்க முடியாது என்று மட்டுமே சொன்னார்.

கொட்டகலை ஆசிரியை:

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி ஒன்றைச் சொல்லி என் பங்கை முடித்துக்கொள்கிறேன். கிராமத்துப் பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து மத்திய மகா வித்தியாலயத்துக்கு அனுப்புவதற்காக வந்த பரீட்சை அது. இன்று நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலைகளுக்குள் நுழைவதற்கான வாயிலாக அது மாறியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை காலையில் பாடசாலைக்கும் மாலையில் ரியூசனுக்கும் ஓடுகிறது. வசதியுள்ள பெற்றோர் அதற்கு மாதம் தவறாமல் செலவழிக்கிறார்கள். 1945இல் வாசலில் வாங்கப்படாமல் நிறுத்தப்பட்ட கட்டணம் இப்போது வாசலுக்கு வெளியே வாங்கப்படுகிறது. என் வகுப்பில் இந்தப் பரீட்சை எழுதும் பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெற்றோருக்கு அந்த வசதி இல்லை. பாடசாலை விட்ட பிறகு நாங்களே மறிச்சு வைத்துப் படிப்பிக்கிறோம். சென்ற முறை வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நகரத்துப் பாடசாலையில் இடம் கிடைத்தது. ஆனால் விடுதி இல்லை என்பதால் சிலர் போகவில்லை. 1940களில் மத்திய மகா வித்தியாலயத்தோடு விடுதியையும் சேர்த்துக் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது.